ஆறாம் நம்பர் பாட்டில்கள்

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் வைத்த பேர் ஆமை. பாத்திரம் துலக்கினாலும், படியேறினாலும், கேட்டதற்குப் பதில் சொன்னாலும் மெதுவாகத்தான். அதைச் சொல்லிச் சிரித்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அப்படிப்பட்டவருக்கு, மெதுவான கைதான் வேண்டும் என்று ஒரு வேலை கிடைத்தது. மூலிகைச் செடிகளைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வளர்க்கிற இடம். இப்போது அங்கே சர்ப்பகந்தி வளர்க்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு அதன் வேர்தான் மருந்து. வேரைத் தோண்டினால் செடி போச்சு, விதையும் சரியாக முளைக்காது. அதனால் கொழுந்தை நகத்தளவு வெட்டி, சத்துப் போட்ட ஜெல்லியில் நட்டு, ஒன்றைப் பத்தாக்குவார்கள். வெட்டுகிறவர் கையை வீசினால் காற்று கலைந்து கிருமி விழும். அண்ணி வீச மாட்டார். பதினோரு வருடமாக ஆறாம் மேசை அவருடையது. மூடுகிற ஒவ்வொரு பாட்டிலிலும் 6 என்று எழுதி, தேதியும் போடுவார். நான் அங்கேயே பாட்டில் கழுவுகிறேன்.

போன மாதம் அந்த ஆறாம் நம்பரில் கெடுதல் ஆரம்பித்தது. ஜெல்லிமேல் பால் சிந்தினாற்போல ஒரு வெள்ளை. முதல் வாரம் நூற்றுக்கு எட்டு, அடுத்த வாரம் இருபது. கெட்டதையெல்லாம் பெரிய குக்கரில் அவித்து என்னிடம்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு 6-ஐயும் தேய்த்து அழிப்பதும் நான்தான்.

மூன்றாம் மேசைக்காரிக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "ஆறாம் நம்பர்ல நல்லா கறக்குதாமே, டீக்கு இனி பால் வாங்க வேண்டாம்" என்றாள். அண்ணியும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, லேபைப் பார்த்துக்கொள்கிற மேடம் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினார். திட்டவில்லை. இப்படியே போனால் திங்கட்கிழமையிலிருந்து ஆறாம் மேசைக்கு வேறு ஆள், அண்ணி நாற்றுக் கொட்டகையில் மண் கலக்கப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அண்ணி ஏற்கெனவே பிளேடை மாற்றிப் பார்த்துவிட்டார், ஸ்பிரிட்டை மாற்றிப் பார்த்துவிட்டார். முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. "மண்ணு வேலை கேவலமில்ல. ஆனா அங்க எல்லாத்தையும் வேகமா செய்யணும். என்னால ஆகாது" என்றார் என்னிடம்.

அன்று மத்தியானம் கெட்டுப்போய்க் கழுவ வந்த பாட்டில்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதிவரை ஒரு ஆறாம் நம்பர்கூட இல்லை. பத்திலிருந்துதான் எல்லாம். ஒன்பதாம் தேதிதான் அண்ணியின் மகளை, ஏழாம் மாதத்தில் ரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று அண்ணிக்கு நான் ஒரு வழி சொன்னேன்: கை வேலை செய்யட்டும், வாய் ஆண்டவன் பேரை விடாமல் சொல்லட்டும். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

பஞ்சு மாதிரிப் பூத்தால் அது காற்றால் வந்தது, பால் மாதிரிப் படர்ந்தால் மனுஷ உடம்பிலிருந்து வந்தது என்று மேடம் எங்களுக்கு எப்போதோ சொல்லியிருந்தார். கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணியின் மாஸ்க் அசைந்துகொண்டே இருந்தது. வாய்ப்பக்கம் ஈரம்.

சாயங்காலம் நடந்து போகும்போது சொன்னேன்.

"அண்ணி, இனிமே வாய்விட்டுச் சொல்லாதீங்க. மாஸ்க் நனைஞ்சு கிருமி எறங்குது."

நின்றுவிட்டார். "ஆண்டவன் பேரச் சொன்னா கெட்டுப்போகுமா?"

"பேரால இல்ல அண்ணி, எச்சிலால. சொல்லச் சொன்னது நான்தானே, தப்பு என்னோடது."

"நிறுத்தினப்புறம் அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

மனசுக்குள் சொன்னால் ஆண்டவனுக்குக் கேட்காதா என்று கேட்டேன்.

புதன்கிழமை காலையில் அண்ணியே மேடத்திடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. மணிக்கு ஒரு தரம் மாஸ்க்கை மாற்றச் சொன்னார், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். அன்று அண்ணி அறுபது பாட்டில் போட்டார். வெளியே வந்தபோது கீழ் உதட்டில் பல் பதிந்த தடம்.

வியாழன் ஒன்றும் தெரியாது. வெள்ளி எல்லாம் தெளிவு. சனி இரண்டில் பஞ்சு. ஞாயிறு லேப் பூட்டு. ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தும் அண்ணிக்குப் புத்தி இரண்டு பக்கமும் அலைந்தது. மகளின் நிலைமையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

திங்கட்கிழமை மேடம் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்தேழு தெளிவு. பஞ்சு இரண்டு, பால் ஒன்று.

"இந்த ஒண்ணு எப்படி?" என்று கேட்டார்.

"அத மூடுறப்போ ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்திருக்குன்னு சொன்னாங்க மேடம். வாய் தானா ஒருதரம் சொல்லிடுச்சு" என்றார் அண்ணி.

மேடம் அந்தப் பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "போய் வேலையைப் பாருங்க, ஆறாம் மேசை காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

அண்ணி மத்தியானம்வரைக்கும் நாலு மாஸ்க்கை எண்ணி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், இன்னும் ஆறு வாரம் தள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் கழுவுகிற பாட்டில் மறுபடி குக்கரில் அவிந்த பிறகுதான் மேசைக்குப் போகிறது. அதன் பக்கத்தில் எவ்வளவு சொன்னாலும் எதுவும் கெடாது.