ஒரே டிஷ்ஷில் அம்மாவின் பூசை

"திங்கக்கெழம பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கெழம பூசை காணாத எடத்துல எனக்கு என்ன சோலி?" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். தூத்துக்குடிப் பக்கம் தனியாக இருந்த அம்மா குளியலறையில் விழுந்து, கேட்க நாதியில்லாமல் சாயங்காலம் வரை கிடந்தாள். அதற்குப் பிறகுதான் இங்கே கூட்டிவந்தேன். திரும்ப அனுப்புவதாக இல்லை. மலையிலும் மாதா கோயில் இருக்கிறது. அம்மாவின் முட்டி அதுவரை வராதாம். அதே முட்டி அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஊருக்கு மட்டும் போகுமாம்!

டி.வி.யில் பூசை காட்டும் சேனல் வேறொரு சாட்டிலைட்டில் இருந்தது. வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து மாடியில் ஒரே டிஷ். இன்னொன்று வைக்க வீட்டுக்கார அக்கா சம்மதிக்கவில்லை. அது மிளகு காயப்போடும் மாடி, செருப்போடுகூட ஏறக் கூடாது. சரி, இருக்கிற டிஷ்ஷையே இரண்டையும் பார்க்க வைக்கிறேன் என்று கிளம்பினேன். டிஷ்ஷுக்கு முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்குமே எல்.என்.பி., அதில் இன்னொன்றும், பக்கத்தில் மாட்ட ஒரு பட்டையும் நாமக்கல்லில் வாங்கிவந்தேன்.

சனிக்கிழமை மிளகுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றேன். புது சாட்டிலைட் பழையதற்குக் கிழக்கே இருந்ததால் புது மூக்கையும் கிழக்கே மாட்டி மதியம் வரை மல்லுக்கட்டினேன். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: கிழக்கிலிருந்து வருவது டிஷ்ஷில் பட்டு மேற்கேதானே தெறிக்கும்? மேற்கே மாற்றினேன். குழந்தையின் கையில் நரம்பு தேடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மாடிக்கும் டி.வி.க்கும் அலைந்து, பொழுது சாய்வதற்குள் படத்தைப் பிடித்துவிட்டேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை டி.வி.யைப் போட்டால் பழைய சேனலும் இல்லை, புதியதும் இல்லை. மாடிக்கு ஓடினேன். பனிக்கு மிளகை மூடிய தார்ப்பாயின் கயிற்றை அக்கா டிஷ்ஷில் இழுத்துக் கட்டியிருந்தார். காற்று தார்ப்பாயை இழுக்க, டிஷ் திரும்பியிருந்தது.

"காத்துல பறந்துருமேன்னு கட்டிப்புட்டனுங்க. மாடியில வேற எதுல கட்டறதுங்க?" என்று அக்கா கையைப் பிசைந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோபப்பட நேரமில்லை, பூசை தொடங்கும் நேரம். கயிற்றை அவிழ்த்து, அக்காவை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு டிஷ்ஷைத் திருப்ப ஆரம்பித்தேன்.

"படம் வருதுங்களாம்மா?" என்று அக்கா உள்ளே கேட்டார். பிறகு, "அம்மா வாயே தொறக்க மாட்டேங்கறாங்களேங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

பிடிவாதத்தில் நானும் அவள் வயிற்றில் பிறந்தவள்தானே. திருப்பினேன், நிறுத்தினேன், மறுபடி திருப்பினேன். கை மரத்துப்போனது.

கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. பூசைப் பாட்டு. அதோடு சுருதி சேராத ஒரு குரல், நான் பிறந்ததிலிருந்து கேட்கும் குரல், சேர்ந்து பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் குரல் மட்டும் நடுவில் நின்றது. "ஏட்டி, அப்படியே நில்லு! அசைச்சிராத!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

நட்டை இறுக்கினேன். இறுக்கிய பிறகும், பூசை முடியும்வரை டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.