கண் பார்க்கப் போன சனிக்கிழமை

என் கண்ணில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஆனாலும் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, கண் பார்க்க வேண்டும் என்று அப்பா என்னை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் அப்படித்தான் சொல்லியிருந்தோம். தூத்துக்குடியில் இல்லாத கண் டாக்டரா என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதற்கு, அங்கே கூட்டம் குறைவு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

விஷயம் வேறு. அந்த வயதில் நான் இரவில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தேன். சின்னதிலேயே விட்டுப்போன பழக்கம், எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. மாடியில் காயப்போட்டால் தெரு பார்க்கும் என்று அம்மா போர்வையை அடுக்களைக்குள் கொடி கட்டிக் காயவைப்பாள். சோற்று வாசனையோடு அந்த வாடையும் கலந்து வரும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போவான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேம்பாரில் சித்தி வீட்டுக்குத் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். ராத்தங்க வேண்டும் என்பதால் காதுவலி என்று படுத்துக்கொண்டேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாகச் சித்தி பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம். அந்தப் பெயர் எனக்கு ஆறுதலாக இருந்தது.

கோயிலில் மந்திரித்த எண்ணெய் பலிக்கவில்லை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் தராமல் வைத்ததும் பலிக்கவில்லை. கடைசியில் தெரிந்த நர்ஸ் அக்கா ஒருத்திதான், சனிக்கிழமைதோறும் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு டாக்டர் வருகிறார், அவரிடம் காட்டுங்கள் என்று அப்பாவின் காதோடு சொன்னாள். அவ்வளவு தூரத்துக்கு நம் ஆள் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் அப்பாவுக்குப் பிடித்துப்போனது.

கிளினிக் வாசல் பலகையில் மனநல மருத்துவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பா அதன் பக்கமே திரும்பாமல் உள்ளே போனார். உள்ளே பெஞ்சில் எங்கள் கணக்கு சார் உட்கார்ந்திருந்தார்.

சார் நாசரேத்துக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை, அடிக்கமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கே எங்கள் வகுப்பில் பென்சில் கீழே விழாது. அன்று அவர் சட்டை கசங்கியிருந்தது. பக்கத்தில் மனைவி. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தே விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையில் குளித்துத்தான் வந்திருந்தேன். ஆனாலும் வாடை வருமோ என்று பாவாடையை இழுத்துக் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா முந்திக்கொண்டார். “பிள்ளைக்குக் கண்ணு பாக்க வந்தோம் சார்.”

“நாங்க சும்மா, இங்கன பெருமாள் கோயில் பாக்கலாமுன்னு வந்தோம்,” என்றார் சார்.

ஞாயிறு தவறாமல் பாட்டுப் புத்தகத்தோடு சர்ச் ஆராதனைக்குப் போகிறவர் அவர். அப்பா அதற்கும் தலையாட்டினார். பிறகு நான்கு பேரும் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டதும் சார் எழுந்து போனார். மனைவி பையை மடியில் வைத்தபடி அங்கேயே இருந்தாள்.

எங்கள் முறை வந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து என்றார் அப்பா. அப்போது வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

“ஒண்ணும் நடக்கலையே டாக்டர். மீனுக்குப் போன வள்ளத்துல எஞ்சின் நின்னு, காத்துல இழுத்துட்டுப் போயி, ரெண்டு மூணு நாள் கடல்ல கிடந்தேன். அவ்வளவுதான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். கடற்கரையில் பெண்கள் கூட்டத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்தில் திரும்பினால் அப்பாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதுவிட்டு, மாத்திரை ஒன்றும் இல்லாமல், இரவில் கொஞ்ச நேரம் சேர்ந்து பேசிவிட்டுப் படுக்கச் சொன்ன புத்திமதியோடு பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக எனக்குக் கால் வரவில்லை. சார் வகுப்பில் சொல்லிவிடுவார் என்றே நம்பினேன். அவர் சொல்லவில்லை. ஆனால் என் வரிசைப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பலகையில் கணக்குப் போட என்னைக் கூப்பிடவில்லை. பரீட்சையில் நான் கோட்டை விட்டபோதுகூடத் தாளைப் பேசாமல் நீட்டினார். அவருக்கு என்மேல் அருவருப்பு என்று முடிவுகட்டினேன். நியாயம்தானே என்றும் பட்டது.

ஒருநாள் மதியம் குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். சார் வந்து நின்றார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அன்னைக்குப் பாத்தத யார்ட்டயும் சொன்னியாம்மா?”

“இல்ல சார். நீங்களும் சொல்லிராதீங்க சார்.”

“நான் என்னத்தச் சொல்லப் போறேன்?”

தெரியாததுபோல் நடிக்கிறார் என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன என்று தோன்றியது. குழாயைப் பார்த்தபடியே, ராத்திரியில் நான் படுக்கையை நனைப்பதைச் சொல்லிவிட்டேன். என் வாயால் அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. காதெல்லாம் எரிந்தது.

சார் திறந்து கிடந்த குழாயை மூடினார். பிறகு மெல்லிய குரலில், “எனக்குக் கிளாசுக்குள்ள வாரதுக்கே பயமா இருக்கும்மா. கதவுகிட்ட வந்ததும் நெஞ்சு அடிச்சிக்கிடும். அதுக்குத்தான் அங்க போறேன்,” என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் கண் பார்க்கப் போகிறோம் என்பார்கள், கோயில் பார்க்க வந்தோம் என்பார்கள். இதுவும் அந்த வகைதான். சாருக்குப் பயமாம், அதுவும் எங்களைப் பார்த்து. சிரிப்பு வரவில்லை, இவ்வளவு பெரிய மனிதரை எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று இன்னும் வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் கணக்கு வகுப்புக்கு மணி அடித்தது. சார் வந்து வாசலில் சற்று நின்றார். அவர் எப்போதும் அப்படி நிற்பதுண்டு. பேசிக்கொண்டிருப்பவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு எழுந்து நின்றேன்.