இடிந்த சுவருக்கு அடியில் வந்த எலும்புகள்

1. வேலை நின்ற காலை

எலும்பு வந்ததும் கூலியாட்கள் எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழியை விட்டு மேலே ஏறிவிட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு புன்செய்க் காட்டில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. நான் அதில் டிராஃப்ட்ஸ்மேன். திண்டுக்கல்லில் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காராமல் படம் வரையப் போனவன். குழியின் தரையை அளந்து பிளான் போடுவதும், குழியின் பக்கச் சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும் மண்ணை வரைவதும் என் வேலை. இரண்டாவதை 'செக்‌ஷன் போடுவது' என்போம்.

எங்களுக்குக் கிடைத்திருந்தது ஒரு வீடு. இரும்பு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தையது என்று அகழாய்வை நடத்திய ஆபீசர் சொன்னார். வட்டமாகக் கம்பம் நட்ட குழிகள், அடித்து இறுக்கிய மண் தரை, ஓர் அடுப்பு, அவ்வளவுதான் வீடு. அதன் மேல் சுவர் இடிந்து விழுந்து பரவிக் கிடந்தது. தட்டி கட்டி மண் பூசிய சுவர். தீப்பிடித்ததில் செங்கல்லாக இறுகி, உள்ளே இருந்த மூங்கிலின் அச்சு ஒவ்வொரு கட்டியிலும் பதிந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் அந்தக் கட்டிகளுக்கு நம்பர் போட்டு எடுத்தோம். அடியில் எலும்புகள் குவியலாகக் கிடந்தன. சில நீளமானவை. பல உடைந்தவை.

வேலையாட்களுக்கு மேஸ்திரியான பெருமாள் கரையில் நின்று சொன்னார்: "பாய், இனி நாங்க தொடமாட்டோம். இது யாருன்னு ஊருக்கே தெரியும்."

காட்டுக்காரர் பெயர் சின்னையா. காடு அவர் மனைவி அழகம்மாளின் அப்பா வைத்துவிட்டுப் போனது. அழகம்மாளுக்கு முத்து என்று ஒரு தம்பி இருந்தான். காட்டைப் பிரிப்பதில் அவனுக்கும் சின்னையாவுக்கும் தகராறு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் முத்துவைக் காணவில்லை. போலீஸ் வந்து விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை. சின்னையாதான் மச்சினனை அடித்துக் காட்டில் புதைத்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இதையெல்லாம் பெருமாள் அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார்.

2. ஆபீசர் பேச்சு எடுபடவில்லை

ஆபீசர் மதராஸ்காரர். குழிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் மாடு, ஆடுப்பா. பழங்காலத்து எலும்பு. பயப்படாம வேலையைப் பாருங்க" என்றார்.

"அவருக்கு அவரு சோலி நடக்கணும். வேற எப்படிச் சொல்லுவாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்குள் பாதி ஊர் வந்துவிட்டிருந்தது. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி சப் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். டாக்டர் பார்த்துச் சொல்கிறவரை குழியில் யாரும் இறங்கக்கூடாது என்றார் சப் இன்ஸ்பெக்டர். திண்டுக்கல்லுக்கு ஆள் போயிற்று.

சின்னையா ஒரு வேலமரத்தடியில் நின்றார். அவர் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை.

அழகம்மாள் நேராகக் குழியின் கரைக்கு வந்தார். அழவில்லை. என் கையில் இருந்த அளவு டேப்பையும் போர்டையும் பார்த்தார்.

"பாய், நீங்க தெனம் இதுக்குள்ளயே இருக்கீக. ஆளா, மாடா?"

"எனக்கு எலும்பு பார்க்கத் தெரியாதும்மா. தெரிஞ்சவுக வரட்டும்."

"சரி" என்று வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

3. மாட்டு டாக்டர்

மதியத்துக்கு மேல் கால்நடை டாக்டர் வந்தார். ஒரு சாக்கை விரிக்கச் சொல்லி எலும்புகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். "இது மாட்டு முன்னங்கால். இது ஆட்டுத் தாடை, பல்லைப் பாருங்க. இது கொம்புக்குள்ள இருக்கிற எலும்பு." சிலவற்றில் கூரான கல்லால் அறுத்த கீறல் இருந்தது. சில எலும்புகளின் மேல்பக்கம் மட்டும் கரிந்திருந்தது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. ஒன்றிரண்டு பேர் கிளம்பவும் தொடங்கினார்கள்.

கடைசியில் ஒரு சின்னத் துண்டு. உள்ளங்கையில் அடங்கும், லேசாக வளைந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மண்டையோட்டுத் துண்டு. எதோடதுன்னு இம்புட்டூண்டு துண்டை வச்சுச் சொல்ல முடியாது."

"மனுஷனா இருக்கலாமா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

அவ்வளவுதான். கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவன் ஓடிப்போய்ச் சின்னையாவின் தோள்துண்டைப் பிடித்து இழுத்தான். "இப்ப என்னடா சொல்லுற?" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். சின்னையா கீழே விழுந்தார். கான்ஸ்டபிள் நடுவே புகுந்து விலக்கினார்.

ஆபீசர் என் தோளைத் தொட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது குழியின் பக்கச் சுவரை. "செக்‌ஷனைப் பாருங்க ஜமால். நீங்களே எடுத்துச் சொல்லுங்க. உங்க ஊர்ப் பேச்சில சொன்னாத்தான் கேட்பாங்க."

4. மண்ணைக் காட்டியது

நான் குழிக்குள் இறங்கினேன். சப் இன்ஸ்பெக்டரை இறங்கச் சொன்னேன். அழகம்மாளும் யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டார்.

"அடியில இருக்கிறது வீட்டுத் தரை. அதுக்கு மேல ஒரு விரல் அகல உசரத்துக்கு மெல்லிசு வண்டல். வீட்டை விட்டு ஆளுக போனபெறகு காத்தும் மழையும் கொண்டாந்து போட்டது. அந்த வண்டலுக்கு மேலதான் எலும்பு கிடக்கு. அதுக்கும் மேல சுவரு விழுந்திருக்கு. எரிஞ்ச சுவரு விழுந்துதான் எலும்போட மேல்பக்கம் கரிஞ்சிருக்கு. இப்ப ஒருத்தரைப் புதைக்கணும்னா என்ன செய்யணும்? மேலயிருந்து தோண்டணும். தோண்டினா இந்தச் சுவருக் கட்டி உடையும். மேல்மண்ணு உள்ள விழுந்து கலந்து கிடக்கும். நாங்க எடுக்கிறவரைக்கும் இங்க கட்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிட்டுத்தான் கிடந்துச்சு."

சப் இன்ஸ்பெக்டர் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது கோடு மாதிரி தெரியுதே?"

"அது வேர் போன தடம் சார். கட்டிக்கு மேலயே நின்னுபோச்சு."

அழகம்மாள் சுவர்க் கட்டிகளின் வரிசையைக் கையால் தடவிக்கொண்டே இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தார். ஓரிடத்திலும் கை உள்ளே போகவில்லை. அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேலே வந்ததும் சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், நான் ஒண்ணும் செய்யலன்னு இவுகளுக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது.

"இந்தக் குழியில யாரையும் கொண்டாந்து புதைக்கலண்ணே. அதுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் கையை விட்டுவிட்டார். கூட்டத்துக்கும் அது போதவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மறுநாள் வேலைக்குப் பாதிப்பேர்தான் வந்தார்கள்.

5. பதில்

அந்தத் துண்டைக் கல்கத்தாவில் எலும்பு ஆராய்கிறவர்களுக்கு அனுப்பினோம். பதில் வருவதற்குள் வேலை முடிந்து, குழியை மூடி, கூடாரத்தைப் பிரித்துத் திண்டுக்கல் திரும்பிவிட்டோம். ஆட்டுக்குட்டியின் மண்டை என்று எழுதியிருந்தார்கள். தபாலில் சொல்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

காட்டில் சோளம் முழங்கால் உயரம் நின்றது. நாங்கள் குழியை மூடிய இடத்தில் அழகம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். எட்டத்தில் சின்னையா வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு மண்ணைத் தொட்டுப் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் பாய்" என்றார். "முத்து காணாமப் போனதிலேர்ந்து நான் இந்தக் காட்டுல காலு வச்சதில்ல. எங்கிட்டு மிதிச்சாலும் அவன் மேல மிதிக்கிறமோன்னு இருக்கும். இப்ப இந்த எடத்துல மட்டும் வைக்கிறேன். இங்க இல்லைன்னு மட்டுந்தானே சொன்னீக? இவரு செய்யலன்னும் சேத்துச் சொல்லியிருந்தா, ஊரோட வாயை அடைக்கச் சொல்லுறாகன்னு நான் எதையுமே நம்பியிருக்க மாட்டேன்."

முத்து என்ன ஆனான் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வீட்டை விட்டு ஆட்கள் ஏன் போனார்கள் என்பதும் தெரியாது. ஆபீசரும் ரிப்போர்ட்டில் தெரியவில்லை என்றே எழுதினார். பின்னாளில் என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு நான் வற்புறுத்திச் சொன்னது ஒன்றுதான்: செக்‌ஷன் போடும்போது பக்கத்தில் யார் நின்றாலும், எவ்வளவு கெஞ்சினாலும், கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் போடாதே.