பந்தக்காலும் சிமெண்டு உரலும்

என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது எந்த மாதம் என்பதில் எங்கள் வீட்டில் ஒற்றுமை இல்லை. பங்குனி என்கிறான் தம்பி. தை என்பதற்கு என்னிடம் சான்று இருக்கிறது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அப்போது சுவரில் புதிதாகவே இருந்தது. சாய்ந்தால் புடவையில் ஒட்டியது. கடற்காற்று அடிக்கும் திருவொற்றியூரில் பங்குனிவரை எந்தச் சுண்ணாம்பும் அப்படி நிற்காது. வருஷத்தையும் இப்படிச் சுற்றிவளைத்துத்தான் பிடிக்க வேண்டும். அரிசி ரேஷன் நின்றிருந்தது, இல்லாவிட்டால் அத்தனை பேருக்குப் பந்தி போட நினைத்திருக்கவே முடியாது. சிமெண்டுக்கு மட்டும் இன்னும் பர்மிட் வேண்டியிருந்தது. ஆகவே ஐம்பதுகளின் முற்பகுதி. இதற்குமேல் துல்லியம் கேட்டால் என்னிடம் இல்லை. அழைப்பிதழ்கூட அச்சடிக்கவில்லை, அப்பா வீடுவீடாகப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் ஊர்க் கோயிலின் சுவர்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் யார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார்கள் என்றெல்லாம் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு ஒரு குறை. எங்கள் தெருவில் முதல் விளக்குக் கம்பத்தை நட்டது யார், எப்போது என்று யாரும் எங்கும் எழுதவில்லை. நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

மரக்கம்பங்களுக்கு அடியில் சிமெண்டு வார்ப்பது அவர் வேலை. எண்ணூர் சாலையோரத் தொழிற்சாலைகளின் வேலிக்கால்கள், உப்பளங்களின் எல்லைக் கட்டைகள், சந்துகளின் விளக்குக் கம்பங்கள் எல்லாம் அன்று பெரும்பாலும் மரம். மேலே பார்த்தால் கம்பம் இரும்புபோல் இருக்கும். மணலைத் தொடும் இடத்தில் மட்டும், டீயில் நனைத்த பொறை ரொட்டி மாதிரி, விரலால் அழுத்தினால் உதிரும். உப்பும் ஈரமும் கரையானும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதனால் ஜல்லியும் கம்பியும் சிமெண்டும் போட்டு, நடுவில் ஆழமான குழி விட்டு, ஒரு கனத்த கட்டை வார்ப்பார்கள். அதைப் பூமியில் புதைத்து, மரத்தைக் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் ஆப்பு அடிப்பார்கள். குழியின் அடி மூடியே இருக்கும். கீழிருந்து உப்புத் தண்ணீர் ஏறக் கூடாது. புதைக்கும்முன் வெளியே கிடக்கையில் அது உரல் மாதிரியே தெரியும். எங்கள் தெருவில் அதற்கு உரல் என்றே பெயர்.

மரம் மண்ணைத் தொடக் கூடாது. அப்பாவின் தொழில் முழுவதும் இந்த ஒரு வரிதான்.

என் கல்யாணத்துக்கு முந்திய வைகாசியில் எதிர் வரிசையில் ஒரு கல்யாணம் நடந்தது. சாயங்காலக் காற்றில் பந்தல் மொத்தமும் சாய்ந்து பந்தியின் மேல் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை, சாம்பார்தான் போயிற்று. அப்பா கீற்றைத் தூக்கிவிட்டு, விழுந்த காலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சவுக்கு மேல தப்பு இல்ல. மணலு புடிக்கல.” அன்றே அவர் மனத்தில் என் பந்தலுக்கு உரல் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அவருடைய கான்ட்ராக்டர் கல்யாணப் பரிசாக அரை மூட்டை சிமெண்டு கொடுத்தார். பாத்திரமும் புடவையும் வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டு வந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அரை மூட்டையில் ஒரே ஓர் உரல் வரும். பந்தக்காலை அதில் நிறுத்தி, மற்ற கால்களைக் கயிறு போட்டு அதோடு இழுத்துக் கட்டினால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. கொல்லையில் வார்த்தார். வேலிக்கு வார்ப்பதைவிடப் பெரிதாக, விளிம்பைக் கொத்தனார் கரணையால் உருட்டி, வழவழவென்று. ஈரச் சாக்கைப் போர்த்தி அதன்மேல் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. காலையும் மாலையும் ஊற்றினேன். ஊற்ற ஊற்றத்தான் இறுகும் என்றார்.

அதை நாலு பேர் கயிறு கட்டி, உருளைக்கட்டை வைத்து வாசலுக்கு நகர்த்தியபோது பக்கத்து வீட்டுக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா மாமு, பொண்ணுக்குக் கல்யாணமா, இல்ல லைட் அவுஸ் கட்டறியா?”

“நீ துன்னும்போது உன் தலமேல வுழக் கூடாதுன்னுதான்டா,” என்றார் அப்பா.

பந்தக்கால் நடும் காலையில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சளும் நவதானியமும் கொண்டுவந்தவர் அவருடைய அத்தை. இராயபுரத்தில் எண்ணெய்க் கடை நடத்தியவர். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர் என்பதால் அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சொல். உரல் ஏற்கெனவே மணலில் புதைந்து விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அதைக் கல் வளையம் என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவும் அவரும் இன்னும் மூன்று சுமங்கலிகளும் குழியில் நவதானியம் போட்டார்கள். அத்தை சொம்பிலிருந்து பாலை விட்டார்.

பால் இறங்கவில்லை. அப்படியே நின்றது. மேலே பச்சைப்பயறும் எள்ளும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அத்தை குனிந்து பார்த்தார். ஒரு விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“இன்னா சம்பந்தி இது? கால் நடறியா, கன்னுக்குட்டிக்குத் தொட்டி கட்டி வெச்சிகீறியா?”

அப்பா பெருமையாகவே பதில் சொன்னார். அதுதான் வினை. “ஒரு சொட்டு இறங்காது. அடில நாலு விரக்கட சிமெண்டு கீது. மரம் மண்ணயே தொடாது.”

“மண்ண தொடாதா?” அத்தை மஞ்சள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “பூமி சாட்சின்னுதான பந்தக்கால் நடறது? பூமிய அடச்சி வெச்சிட்டு யார சாட்சிக்குக் கூப்புடுவ? அடிலயும் மேலயும் சிமெண்டு போட்டு மூட்றது மூலக்கொத்தளத்துலதான் பாத்துகீறேன். கல்யாண வூட்ல இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

சுடுகாட்டின் பெயர் பந்தலடியில் வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கால் மண்ணுல நின்னா ஆளு அனுப்பு, வரேன். இல்லன்னா அத்தோட வுட்டுடு,” என்று சொல்லிவிட்டு அத்தை ரிக்‌ஷா ஏறினார். கல்யாணம் மறுநாளுக்கு மறுநாள்.

எனக்கு அதற்குமுன் ஒரு சம்பந்தம் நிச்சயம்வரை வந்து நின்றுபோயிருந்தது. இரண்டாவதும் நின்றால் மூன்றாவது வராது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்; சொல்லாமல் இருந்தது அவர்கள் நல்ல குணம். நான் உள்ளே ஜன்னலடியில் உட்கார்ந்து, வாசலில் நடந்த பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வேறு குழி தோண்டலாம் என்றார் ஒருவர். பாலும் தானியமும் வாங்கிய குழியை விட்டுவிட்டு இன்னொரு குழியா, ஒரு கல்யாணத்துக்கு இரண்டு காலா என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். உரலைப் பிடுங்கலாம் என்றார் இன்னொருவர். நட ஆரம்பித்ததைப் பிடுங்குவது அதைவிடக் கெட்டது. ஆக அந்த உரல் இருக்கவும் கூடாது, போகவும் கூடாது.

“உன் சாமர்த்தியத்த வேலிக்குக் காட்டக் கூடாதா?” என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். “பொண்ணு பந்தலுக்கா காட்டணும்?”

“பந்தலு நிக்க வேணாமா?”

“கல்யாணமே நிக்கப் போவுது, போதுமா?”

அப்பா உரல் விளிம்பில் உட்கார்ந்து பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை எங்கே என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. பந்தக்காலின் விஷயம் முழுவதும் மரம் மண்ணைத் தொடுவதுதான் என்பது, அப்பாவின் தொழிலோடு எவ்வளவு நேராக மோதுகிறது என்பதைப் பல வருஷம் கழித்து, வேறெதையோ படித்துக்கொண்டிருக்கும்போதுதான் கண்டுகொண்டேன்.

வெயில் சாயும் நேரத்தில் மாப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினார். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன் பெண் வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளை வரும் வழக்கம் கிடையாது. சைக்கிள் பாரில் ஒரு கடப்பாரை கட்டியிருந்தது. அம்மா என் ஜன்னலைச் சாத்தினாள். முழுவதும் சாத்தவில்லை.

“அத்த சொல்லிச்சு,” என்றார் அவர். “மாமா, உரல எடுக்க வேணாம். அடிய மட்டும் ஒட்சிடலாம்.”

அப்பா தலைநிமிர்ந்தார். “ஒடைக்கிறதா? நான் ஊத்துனது ஒடையாது மாப்ள.”

“ஒடையலன்னா நீங்க ஜெயிச்சீங்க. ஒடஞ்சா எனக்குக் கல்யாணம்.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து இடம் விட்டார். அம்மா பாலையும் தானியத்தையும் ஒரு சொட்டு சிந்தாமல் செம்பில் முகந்து எடுத்து வைத்தாள்.

கடப்பாரையைத் தூக்கிக் குழிக்குள் நேராக விட்டார் மாப்பிள்ளை. ணங். மறுபடி விட்டார். ணங். ஒவ்வோர் அடியும் கோயில் மணிபோல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வரிசையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும்தான். உரலின் அடி அசையவில்லை. காலையும் மாலையும் நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த அடியில் போய் இறுகிக் கிடந்தது. இத்தனை ஒழுங்காக ஊற்றியிருக்க வேண்டாமே என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா மாப்ள, துறமுகத்துல சோறு போட்றதில்லயா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“போட்றாங்க. மாமாதான் சிமெண்ட்ட கொஞ்சம் சோக்கா போட்டுட்டாரு,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்தப் பேச்சில் அப்பாவுக்குள் ஏதோ இளகியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினார். “நவுரு,” என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அவர் தன் வார்ப்பை உடைத்து நான் பார்த்ததில்லை; விரிசல் விட்டதைக்கூடப் பூசிச் சரிசெய்வார். முதல் அடியை மெதுவாக, ஏதோ தட்டிப் பார்ப்பதுபோல் போட்டார். அடுத்ததை முழுப் பலத்தோடு போட்டார். பிறகு இருவரும் மாற்றி மாற்றி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. ணங் என்றது சொத்தென்று விழுந்தது.

அப்பா மண்டியிட்டுத் தோள்வரை கையை விட்டார். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். கடைசியாகக் கை வெளியே வந்தபோது மணிக்கட்டுவரை ஈரமணல். நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

“உப்பு,” என்றார். “தண்ணி ஏறிடுச்சு. இனிமே இதுல நிக்கிற மரம் ஒரு வருஷம் தாங்காது மாப்ள.”

“நமக்கு மூணு நாளு போதும் மாமா.”

மூன்று நாளுக்காக ஒன்றைச் செய்வது என்பது அப்பாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை போலும். பிறகு உடைந்த துண்டுகளில் பெரிதாக ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார். “அத்தைக்குக் காட்டு. இல்லாங்காட்டி நம்பாது.” மாப்பிள்ளை அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சைக்கிள் ஏறினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாரா என்பது இருட்டில் தெரியவில்லை. பார்த்ததாக அவர் சொல்லுவார். எழுதி வைக்கும் அளவுக்கு அதற்குச் சான்று இல்லை.

மறுநாள் காலை அத்தை வந்தார். தட்டில் மஞ்சள் பக்கத்தில் அந்தச் சிமெண்டுத் துண்டும் இருந்தது. அப்பாவிடம் நீட்டினார்: “இத்த நீயே வெச்சிக்க. தலகாணிக்கு ஆவும்.”

நடுவதற்கு மூங்கில் தயாராக நின்றது. உச்சியில் மாவிலை, கழுத்தில் மஞ்சள் துணி. அத்தை அதன் அடியைத் தொட்டு மஞ்சள் பூசக் குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். ஒரு சாண் உயரத்துக்கு மூங்கிலின் அடி கறுப்பாகப் பளபளத்தது. விடியுமுன் அப்பா எழுந்து அதற்குத் தார் பூசியிருக்கிறார். அம்மாவுக்கே தெரியாது.

“இன்னா சம்பந்தி, தாரு?”

அப்பா கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “சும்மா வுட மனசு வர்ல,” என்றார்.

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். நான் கதவருகே நின்று இருவரையும் பார்த்தேன். அத்தை தாரின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், முந்தைய நாள் பாலில் விட்டது போலவே. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“போவட்டும். பொண்ண குடுக்கறவன் கை சும்மா இருக்குமா? கால் மண்ண தொடுமில்ல, அது போதும்,” என்று சொல்லி, கறுப்புக்கு மேலேயே மஞ்சளைப் பூசினார். தார் மஞ்சளை ஏற்கவில்லை, திட்டுத்திட்டாகத்தான் ஒட்டியது. அவர் விடாமல் பூசினார்.

பிறகு அம்மா எடுத்துவைத்த செம்பில் புதுப் பாலையும் கலந்து சாய்த்தார். பால் குழிக்குள் போய், ஒரு கணம் நின்று, நுரையோடு சுழன்று இறங்கியது. பயறு மட்டும் ஈரமணலில் தங்கிற்று.

“ம், குடிச்சிட்ச்சி,” என்றார் அத்தை. “இறக்குங்கப்பா காலு.”