ரேணுகாவின் ஏரியல்

ரேணுகா போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கறுப்புப் பின்னணியில் அவளுடைய படம், காதில் ஹெட்போன். கீழே "எங்கள் குடும்பத்தின் முதல் கீக்" என்று எழுதியிருந்தார்கள். நான் கான்வென்டில் படித்த காலத்தில், கிறுக்கு என்று பொருள்பட்ட அந்த ஆங்கிலச் சொல்லை ஒருத்தியைப் பார்த்துச் சொன்னால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். இப்போது அது இரங்கல் படத்தில் போடுகிற பட்டம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை என்பதை, கும்மிடிப்பூண்டி பெயிண்ட் தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்த உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

பரிசோதனைக்கூடத்தில் இருந்த அவளுக்கு "ரேடியோ ரேணுகா" என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு வீட்டிலிருந்தே வானொலிக் கருவியில் பேசுவது அவளுடைய பித்து. ஹாம் ரேடியோ என்பார்கள். மீஞ்சூரில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, தானே ஏரியல் கம்பி கட்டியிருந்தாள். ஒருநாள் கேன்டீனில் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவருக்கே தெரியும்.

"இன்னாம்மா ரேணுகா, நேத்து எந்த நாட்டுக்காரன்கூடப் பேசிக்கினு இருந்த? மாப்பிள்ள கெடச்சானா?"

"கெடச்சான் சார். உங்கள மாதிரியே பேசினான். அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

மேசையே சிரித்தது. ஆனால் "ரேடியோ" என்ற பெயர் போகவில்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. மாடியில் என்ன கம்பி என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். இவள் வானத்தில் எந்த உயரத்தில் அலைகள் முட்டித் திரும்புகின்றன என்பதில் ஆரம்பித்துவிட்டாள். பஜ்ஜி ஆறிப்போனது. "எங்க ஊட்டுக்கு மருமவ வேணும், மெக்கானிக் வேணாம்" என்று தெருவில் இறங்கியதும் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் ரயிலில் என்னிடம் சொன்னாள்: "பாதியிலயே எழுந்துட்டாங்கக்கா. நான் இன்னும் ராத்திரி அலை பத்திச் சொல்லவே இல்ல." அதன் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அவளும் யாரையும் தேடவில்லை.

நாங்கள் ஓய்வு பெற்றபின், அண்ணன் மகன் பாஸ்கரின் பெண்ணுக்கு வரன் வந்தது. "அத்த, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வர்றாங்க. மேல கம்பியப் பாத்தா இன்னா ஊடு இதுன்னு கேப்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் கட்டிக்கலாம்" என்றான். அந்த வாக்கை நம்பி, அவளே மாடிக்கு ஏறி ஏரியலை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். கல்யாணம் முடிந்தது. அந்த இடத்தில் சூரிய ஒளி வெந்நீர்த் தொட்டி வந்தது. ஏரியல் இல்லாத கருவியில் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் அவள் கேட்டாள், ஒவ்வொரு பண்டிகைக்கும் "பாக்கலாம் அத்த" என்றார்கள். நான் போய்க் கேட்டபோது பாஸ்கர் சிரித்தான். "ஆன்ட்டி, கையில போன் வெச்சிக்கினு எவன் இப்ப ரேடியோவுல பேசறான்?"

பிறகு காலம் மாறிற்று. பாஸ்கரின் மகன் விஷால் மென்பொருள் வேலைக்குப் போனான். பார்வையில் குறையில்லாதவன் தடித்த கறுப்புச் சட்டத்தில் கண்ணாடி போட்டான். திருமணச் செயலியில் தன்னை "கீக்" என்று எழுதிக்கொண்டான். வானொலி நண்பர்கள், பேசியதை உறுதிசெய்து ரேணுகாவுக்கு அனுப்பியிருந்த அஞ்சலட்டைகளை, வீடியோ அழைப்பில் தன் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி சுவரில் ஒட்டினான். அந்தச் சுவரைப் பார்த்து ஒரு பெண் மயங்கினாள். வீட்டுக்கு வந்தவள் நல்ல பெண்தான். "பாட்டி, நீங்க செம கூல்! இப்ப யார்கூடயாவது பேசிக் காட்டுங்களேன்" என்றாள்.

"மேல ஏரியல் இல்லயேம்மா."

"பரவால்ல பாட்டி, சும்மா ஹெட்போன் மாட்டிக்கோங்க" என்று விஷால் படம் எடுத்தான். எனக்கு வந்த படம் அதுதான்.

இந்தக் கிறுக்கு இப்போது ஏன் அழகாகிவிட்டது என்று யோசித்திருக்கிறேன். கிறுக்கர்களில் சிலர் முதலாளிகள் ஆனார்கள். உடனே அவர்களுடைய கண்ணாடியும் கலைந்த தலையும் லட்சணம் ஆகிவிட்டன. மணிக்கணக்காக ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்பது யாருக்கும் பிடித்துப்போய்விடவில்லை. அதற்கு வரும் சம்பளம் பிடித்திருக்கிறது, அது போட்டுக்கொள்ளும் உடுப்பு பிடித்திருக்கிறது. சம்பளமும் தராத, சமையலறையையும் மறக்கவைத்த ஒரு பெண்ணின் கிறுக்கை இன்றைக்கும் எந்த வீடும் மொட்டை மாடியில் ஏற்றாது. சுவரில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கருமாதி அன்று திருவள்ளூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரேணுகாவின் வானொலி நண்பர், முகம் பார்த்துப் பழகாதவர். விஷால் எடுத்த அந்த இரங்கல் படம் கைமாறிக் கைமாறி அவருக்குப் போயிருக்கிறது. தங்களில் ஒருவர் இறந்தால், எந்த நாளிலிருந்து அவர் குரல் இல்லை என்று மற்றவர்களுக்கு வானொலியில் அறிவிப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தேதியைக் கேட்டார். பாஸ்கர் இறந்த தேதியைச் சொன்னான்.

"அந்தத் தேதி இல்லை. பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்களே, அதற்கு முதல்நாள். அன்றைக்குத்தான் அவளை ஏரியலை இறக்க வைத்தார்கள்" என்றேன்.

"ஆன்ட்டி, நாலு பேரு இருக்கற எடத்துல இன்னா பேசறீங்க?" என்றான் பாஸ்கர்.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. "அப்ப ஏரியலே இல்லியாம்மா? வாராவாரம் ஞாயித்துக்கெழம அவங்கள கூப்ட்டுக்கினே இருந்தமே. எங்க மேல கோவம்னு நெனச்சோம்" என்றார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது ரேணுகா, "அவங்கள்லாம் என்ன மறந்துருப்பாங்கக்கா" என்று சொல்லியிருந்தாள். நானும் மறுத்துப் பேசவில்லை, எனக்கு என்ன தெரியும்?

நினைவுக்கு ஒரு அட்டை வேண்டுமா என்று விஷால் கேட்டான். வேண்டாமென்றேன். என்னிடம் இருப்பது, அவளுக்குச் சேர வேண்டிய ஒரு செய்தி. வாராவாரம் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ரேணு.