சேட்டுக் கழுத்தில் இரண்டு எழுத்து

சீலை ஒட்டிய அட்டை போட்ட நீளக் கொப்பி அது. பொலிஸ் நிலையத்து மேசையில் அதை வைத்து, ஒரு சார்ஜன் விரலை நக்கி நக்கித் தாள் புரட்டினார். இடப்பக்கம் நீள நீளமான தமிழ்ப் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டே எழுத்து. மேசைக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். நாலு பேர் கூடினால் கதைக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கொப்பியின் கதையை எழுதாமல் விட்டால் எனக்கு ஆறாது.

சண்டைக் காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையில் ஒரு லோண்டரிக்கு வேலைக்குப் போவேன். துவைக்க வரும் உடுப்பின் கழுத்துக்குள்ளே, யாருடையது என்று தெரிய, சிவப்பு நூலால் குறி தைப்பது என் வேலை. முதலில் எண்தான் தைத்தோம். 318 என்பதை 381 என்று வாசித்து ஆளுக்காள் சட்டை, சேட்டு மாறும், சனம் வந்து சண்டை பிடிக்கும். பதிவெழுத வந்த அண்ணைதான் அதை மாற்றினார். யாழ்ப்பாணத்து ஆள். ஒழுங்கைக்கு ஓர் எழுத்து, வீட்டுக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஒரு முடிச்சு. “வாயால சொல்லக்கூடியதா இருக்கவேணும் பிள்ளை. வாயில நிண்டால் மனசில நிக்கும்” என்பார். துவைத்து நூல் பிசிறினால் ளகரமும் னகரமும் ஒன்றுபோலாகும் என்று இரண்டையும் தள்ளிவிட்டார். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ‘பா’, அதில் நாலாம் வீடு ‘கு’. முழுப் பெயரை எழுதினால் சேட்டின் முதுகே போதாத, கோட்டில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்து, எங்களுக்குப் பாகு ஆனார். ஒரு வீட்டுக்கு ‘மாடு’ என்று வந்தபோது, “ஐயோ, அந்த மனிசன் எங்களை முட்டும்” என்று அண்ணையே மாற்றினார். அதன்பிறகு ஒரு சேட்டும் மாறிப் போகவில்லை.

நகரத்தில் குண்டு வெடித்த கிழமை, அண்ணை தங்கியிருந்த லொட்ஜைப் பொலிசார் சுற்றி வளைத்தார்கள். புதிதாக வந்த வீடுகளைப் பதிய அவர் கொப்பியை அறைக்குக் கொண்டுபோயிருந்தார். தமிழ்ச் சனத்தின் பெயர், ஒழுங்கை, பக்கத்திலே பாகு, கீசு, மாபி. இயக்கத்துப் பட்டப் பெயர்கள் என்று முடிவு கட்டி ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். உடுப்பின் குறி என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் எடுக்கவில்லை.

ஒரேயொரு வாடிக்கைக்காரர் போய்த் தன் கழுத்துப்பட்டியைப் பிரட்டிக் காட்டியிருந்தால் போதும். பெரிய உத்தியோகத்தர்கள், இங்கிலீசும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடாகக் கதைப்பவர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? குறியைப் பிரித்துத் தரும்படி உடுப்பை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அப்புக்காத்தின் மனைவி நேரிலேயே வந்தார். “ஆரைக் கேட்டு எங்கட பேரைக் கொப்பியில எழுதினனீங்கள்? ஒரு நூல் மிச்சம் இருக்கக்கூடாது” என்றார். முதலாளியும் பயத்தில், பிரி என்றார். தைத்த கையாலேயே இரண்டு நாள் பிரித்தேன். அண்ணைக்கிருந்த ஒரே சாட்சியை நானே நூல் நூலாக உருவிக்கொண்டிருக்கிறேன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

பிரிக்காமல் மிஞ்சியிருந்த, பாகு என்று தைத்த ஒரு சேட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் சிங்களம் வரும், துணிச்சல்தான் வராது. சார்ஜன் கழுத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். முகம் இளகியது. அந்த வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார். வைத்தபின் சேட்டை என் பக்கம் தள்ளினார். அந்த லோண்டரிக்குத் தான் உடுப்புப் போட்டதே இல்லை, அது தன் சேட்டும் இல்லை என்று அப்புக்காத்து சொல்லிவிட்டாராம். நீதியைப் படித்தவர், அதை விற்றுச் சாப்பிட்டவர். ஒரு சேட்டை ‘என்னுடையது’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

எட்டு மாதம் கழித்து, குற்றம் ஒன்றும் இல்லை என்று அண்ணையை விட்டார்கள். வலக்கையில் பேனை நிற்காது. முதலாளி பழைய இடத்திலேயே இருக்கச் சொன்னார். அவர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்த நாளில், அப்புக்காத்தின் மனைவி ஒன்றும் நடவாததுபோல ஒரு பொதியோடு வந்தார். மற்ற லோண்டரிகளில் உடுப்பு மாறிப்போகுதாம்.

அவருக்கு முன்னால் நான் அதுவரை நிமிர்ந்தே பார்த்தவளில்லை. பொதியைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

“ஐயா இது தன்ர உடுப்பு இல்லையெண்டு பொலிசில சொன்னவர். ஆரின்ர எண்டு தெரியாத உடுப்பை நாங்கள் எடுக்கிறேல்லை அம்மா.”

முதலாளி என்னை ஏசினார். அண்ணை தலை நிமிரவில்லை, எழுத்தை நிறுத்தவுமில்லை. அந்த மனிசி பொதியைச் சுமந்துகொண்டு வெயிலில், பஸ்கள் இரையும் காலி வீதியைக் கடந்து போனார். எனக்கும் வயது போய்விட்டது, பாவமன்னிப்புக் கேட்கப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துப் பார்க்கிறேன். இரக்கம் வரவேண்டும். வரவில்லை.