திருவாதிரை நாளின் மூச்சு

ஆண்டுக்கு ஒருமுறை எனக்கு மூச்சு அடைத்துவிடும். உள்ளே போன காற்று வெளியே வராது, கைகள் குளிர்ந்துவிடும். கடலூரில் எடுத்த இசிஜி, எக்கோ எல்லாவற்றிலும் இதயம் நன்றாக இருந்தது. ஆனாலும் அடுத்த முறை பிழைக்கமாட்டேன் என்ற பயம் ஆண்டு முழுவதும் கூடவே இருந்தது.

தேவனாம்பட்டினத்துக் கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது என் அண்ணனைச் சுனாமி கொண்டுபோனது. அன்று காலை நான் சிதம்பரத்தில், ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் நின்றிருந்தேன்.

ஊரில் நடப்பதைத் தேதியோடு எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் டிசம்பர் இருபத்தாறு நெருங்கினாலே டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். அன்று கரையில் எல்லோரோடும் சேர்ந்து கடலில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புவேன். பெரும்பாலும் அன்று ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குச் சில நாள் முன்போ, சனவரியிலோ, நான் எதிர்பாராத ஒரு காலையில் மூச்சு அடைக்கும்.

இப்போது நாங்கள் இருப்பது சிதம்பரத்தில். திருவாதிரைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து களி வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் முதுகைத் தேய்த்துவிட்டபடியே மனைவி சொன்னாள்: "களி வர்ற அன்னிக்குத்தாங்க ஒங்களுக்கு இது வருது. வெல்லம் ஒத்துக்கலையோ என்னமோ."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் டாக்டர் சீட்டுகளையும் பழைய பஞ்சாங்கங்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். எல்லாமே மார்கழித் திருவாதிரை. அண்ணன் போன நாளும் அதுதான். அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. நான் காலண்டரைப் பார்த்துக் காத்திருந்தேன். உடம்பு நிலவைப் பார்த்திருந்தது.

அடுத்த திருவாதிரைக்கு அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் என்றைக்குமே அந்த நாளில்தான் அண்ணனுக்குப் படைப்பார். ஒரே ஆளுக்காக நாங்கள் வேறு வேறு நாட்களில் அழுதுகொண்டிருந்திருக்கிறோம். படைத்து முடித்துக் கரைக்குப் போனபோது எனக்கு அடைத்தது. அண்ணி பதறவில்லை.

"செருப்ப கழட்டு தம்பி. ஈரத்துல நில்லு. அலை திரும்பி போவுதுல்ல, அதோட மூச்ச வுடு. இழுக்காத, வுடு."

அலை பின்வாங்கியது. காலடி மணல் கரைந்தது; குதிகால்கள் புதைந்தன. அத்தனை ஆண்டுகளில் என் பாதங்கள் இருப்பதையே அன்றுதான் உணர்ந்தேன். அடுத்த அலையோடு கொஞ்சம் காற்று வெளியேறியது. அதற்கடுத்ததோடு மீதியும் போனது. தோள்கள் தாமாக இறங்கின.

யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது அண்ணியிடம் சொன்னேன். மூச்சு அடைக்கும் அந்தச் சில நொடிகளில் அண்ணன் என் பின்னால் வந்து நிற்பார். ஈர வலையின் வாடையும் பீடி வாடையும் வரும். இப்போது மூச்சு வந்துவிட்டது, அவர் இல்லை.

அண்ணி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும். எங்கிட்டருந்தும் அப்டித்தான் போனாரு," என்றார். "அவர வச்சிக்கணும்னா மூச்ச அடக்கிக்கிட்டுதான் இருக்கணும் தம்பி. என்னால முடியல."

இந்த ஆண்டுத் திருவாதிரைக்கு நான் சிதம்பரத்திலேயே இருந்தேன். காலையில், கூடத்தில் தனியாக இருக்கும்போது அடைத்தது. வெறுங்காலைச் சில்லென்ற சிமெண்டுத் தரையில் ஊன்றினேன். பின்னால் வாடை வந்தது. விடத் தெரிந்தும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தேன். கண் இருட்டியது. அடுக்களையிலிருந்து மனைவி என்னைக் கூப்பிட்டாள். பதில் வராததால் மறுபடியும் கூப்பிட்டாள்.

மூச்சை விட்டேன்.